அலையில்லாத கடலில் போட்ட கணக்கு: ஸ்டெல்லரேட்டர் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளாஸ்மாவை, அதாவது கொதிக்கும் மின்னேற்ற வாயுவை, முறுக்கிய காந்தப்புலத்தால் வளையத்துக்குள் அடைத்துவைக்கும் ஸ்டெல்லரேட்டர் இணைவு உலைகளை வடிவமைக்கும் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கட்டுரைகளில் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது. கீழே நேரம், 0.2 நொடி வரை. பக்கவாட்டில், உலையை விட்டுத் தப்பியோடிய ஆல்ஃபா துகள்களின் (இணைவில் பிறக்கும் ஹீலியம் அணுக்கருக்களின்) விழுக்காடு. பழைய வடிவங்களின் கோடுகள் மேலே ஏறிக்கொண்டே போகும். உங்கள் புதிய வடிவத்தின் கோடு மட்டும் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும். பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். அடுத்த நிமிடமே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்: இந்தக் கணக்கில் அலை எங்கே?

இந்தக் கேள்வியைக் கருத்தரங்கு ஒன்றில் ஒருமுறை கேட்டேன். பேசியவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, "அது அடுத்த கட்டம்" என்றார். கேள்வி நேரம் முடிந்தது, எல்லோரும் காபிக்குப் போய்விட்டோம். அந்த ஒன்றரை நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதைத் தமிழில் ஆற அமர எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் வரும். பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்கும் புரியட்டுமே என்று எழுதியவை அவை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் சாதித்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1951இல் பிரின்ஸ்டனில் லைமன் ஸ்பிட்சர் ஸ்டெல்லரேட்டரை முன்வைத்தபோது, காந்தப்புலத்தை வெளிச் சுருள்களாலேயே முறுக்கிவிட்டால் பிளாஸ்மாவுக்குள் பெரிய மின்னோட்டம் தேவையில்லை என்பதுதான் அதன் கவர்ச்சி. மின்னோட்டம் இல்லாவிட்டால், அதை நம்பியே ஓடும் இன்னொரு வகை வளைய உலையான டோக்காமாக்கை ஆட்டிப்படைக்கிற திடீர்ச் சரிவும் இல்லை. ஆனால் முறுக்கிய புலத்துக்கு ஒரு சாபம் இருந்தது. புலத்தின் மேடுபள்ளங்களில் சிக்கிய துகள்கள் மெல்ல மெல்ல வெளியே வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்தச் சாபத்தை நீக்க முப்பது நாற்பது வருடம் ஆனது. 1988இல் நூரன்பெர்க்கும் சில்லேவும் ஒரு வழி காட்டினார்கள்: பாதை எவ்வளவு கோணலாக இருந்தாலும், துகளின் கண்ணுக்குப் புலத்தின் வலிமை சமச்சீராகத் தெரிந்தால் போதும். 2022இல் லாண்ட்ரமேனும் பாலும் அந்தச் சமச்சீரை அதுவரை யாரும் எட்டாத துல்லியத்துக்குக் கொண்டுபோனார்கள். பூஜ்யத்தை ஒட்டிய அந்தக் கோடு இந்த உழைப்பின் பலன்.

சரி, அந்தக் கோட்டை எப்படிக் கணக்கிடுகிறோம்? அசையாத, உறைந்துபோன ஒரு காந்தப்புலத்தை எடுத்துக்கொள்கிறோம். அதில் சில ஆயிரம் ஆல்ஃபா துகள்களை விடுகிறோம். அவை வேகம் குறையும்வரை ஓடவிட்டுப் பார்க்கிறோம். புலம் அசைவதே இல்லை. துகள்களும் புலத்தை அசைப்பதில்லை. காற்றே இல்லாத நாளில், அலையே இல்லாத கடலில் படகு விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை" என்று எழுதுவது போலத்தான். பொய் இல்லை. ஆனால் அந்தப் படகில் யாரும் மீன்பிடிக்கப் போக மாட்டார்கள்.

கனமான ஹைட்ரஜன் வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிவருகிறது. அதில் 14.1ஐ நியூட்ரான் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய்விடுகிறது. மிச்சம் 3.5ஐ ஆல்ஃபா துகள் வைத்துக்கொள்கிறது. உலை தன் சூட்டிலேயே எரிய வேண்டுமானால் இந்த ஐந்தில் ஒரு பங்கை நம்பித்தான் ஆக வேண்டும். பிறக்கும்போது ஆல்ஃபாவின் வேகம் நொடிக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர். வேகம் தணிந்து அடங்குவதற்குள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவிடும், அதுவும் சுற்றளவு நூறு மீட்டர் அளவே உள்ள ஒரு வளையத்துக்குள். இத்தனை முறை சுற்றுகிற ஒன்றை, சரியான தாளத்தில் வரும் மிகச் சிறிய அசைவுகூடத் தடம் மாற்றிவிடும். காந்தப்புலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆட்டம் போதும். சில நேரம் அதுகூட வேண்டாம்.

அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? 1942இல் ஹான்னஸ் ஆல்வேன் சொன்ன அலைதான். காந்தப்புலக் கோடுகள் இழுத்துக் கட்டிய தந்தி, பிளாஸ்மா அதன் எடை. புலம் கூடினால் அலை வேகமாக ஓடும், அடர்த்தி கூடினால் மெதுவாகும். 5 டெஸ்லா புலம், கன மீட்டருக்கு பத்தின் இருபதாம் அடுக்கு அயனிகள் என்று வைத்தால், ஆல்வேன் வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டர் அளவில் வரும். ஆல்ஃபா பிறப்பது கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு வேகத்தில். அப்புறம் அது மெதுவாகிக்கொண்டே வரும்போது, நடுவில் எங்கேயோ அலையின் வேகத்தைக் கடந்தே தீர வேண்டும். கடக்கும்போது இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

கைகோத்தால் யார் யாருக்கு ஆற்றல் தருவார்கள் என்பதைத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சன்னிதியில் நெரிசல், வெளிப்பிராகாரத்தில் காலி இடம். ஆல்ஃபாக்களும் நடுவில்தான் நெருக்கியடித்துப் பிறக்கின்றன. அலையோடு சேர்ந்த துகள்களில் சில உள்ளே நகரும், சில வெளியே நகரும். நடுவில் கூட்டம் அதிகம் என்பதால், மொத்தத்தில் வெளியே போகிறவைதான் அதிகம். வெளியே போகிற துகள் தன் ஆற்றலில் கொஞ்சத்தை அலைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். அலை வளரும். வளர்ந்த அலை இன்னும் கொஞ்சம் பேரை வெளியே தள்ளும்.

எல்லா அலையும் இப்படி வளராது. பிளாஸ்மாவுக்குள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக இருக்கும் காந்தப் பரப்புகளில், பரப்புக்குப் பரப்பு அலையின் அதிர்வெண் வேறுபடும். திருவிழாவில் பத்து மேளக்காரர்கள் பத்துத் தாளத்தில் அடித்தால் கொஞ்ச நேரத்தில் வெறும் இரைச்சலாகி அடங்கிவிடும் அல்லவா, அப்படித்தான் பெரும்பாலான ஆல்வேன் அலைகள் தாமாகவே கரைந்துபோகின்றன. ஆனால் வளையம் வளைந்திருப்பதாலும் அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாததாலும் அதிர்வெண் பட்டையில் ஆங்காங்கே இடைவெளிகள் திறக்கின்றன. அந்த இடைவெளிக்குள் விழுகிற அலைக்குப் பக்கத்துத் தாளங்களின் தொந்தரவு இல்லை. தனி ஆவர்த்தனம் நடத்தும்.

டோக்காமாக்கில் இடைவெளிகள் கொஞ்சம்தான். உங்கள் சாதனத்தில் புலம் குறுக்கே மட்டுமில்லை, வளையத்தின் நீளவாக்கிலும் மேடுபள்ளமாக இருக்கிறது. அதனால் டோக்காமாக்கில் இல்லாத இடைவெளிகள் திறக்கின்றன: முறுக்கினால் வருவது ஒன்று, புலம் நீளவாக்கில் கூடிக் குறைவதால் வருவது இன்னொன்று. கீவ் நகரத்து ஆய்வாளர்கள் கோலெஸ்னிசென்கோவும் கூட்டாளிகளும் ஜெர்மானியர்களோடு சேர்ந்து 2001 வாக்கிலேயே இதை விரிவாக எழுதிவைத்துவிட்டார்கள். அலைகளும் தனித்தனியே வராமல் குடும்பம் குடும்பமாக வரும். ஒரு சுற்றில் ஐந்து முறை ஒரே வடிவம் திரும்ப வரும் ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் ஸ்டெல்லரேட்டரில் மூன்று குடும்பம். பத்து முறை திரும்ப வரும் ஜப்பானின் எல்ஹெச்டியில் ஆறு. நீங்கள் சுருளை ஒரு விரற்கடை வளைத்தால் துகளின் பாதை மட்டும் மாறுவதில்லை, இந்த இடைவெளிகளின் வாசலும் அகலமாகிறது அல்லது குறுகுகிறது. என் முழு வாதமும் இந்த ஒரு வரிதான். அலை என்பது வடிவம் முடிந்தபிறகு சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை. வடிவத்தைத் தேடும்போதே அதையும் சேர்த்துத் தேட வேண்டும்.

டோக்காமாக்காரர்கள் பட்ட பாட்டையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வளைய வடிவால் திறக்கும் இடைவெளியில் ஓர் அலை உட்கார முடியும் என்று செங், சென், சான்ஸ் ஆகிய மூவர் 1985இல் தாளில் எழுதினார்கள். 1991இல் பிரின்ஸ்டனின் டிஎஃப்டிஆர், அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்து டி3-டி என்ற இரண்டு டோக்காமாக்குகளிலும் அது நிஜமாகவே பாடியது. டி3-டியில் மோசமான நேரங்களில், பிளாஸ்மாவைச் சூடாக்கப் பாய்ச்சிய துகள் கற்றையின் ஆற்றலில் 70 விழுக்காடு வரை வீணானது. டிஎஃப்டிஆரில் அலை தள்ளிவிட்ட வேகத் துகள்கள் சுவரில் பட்டு வெற்றிடக் கலத்தையே சேதப்படுத்தின.

எனக்குப் பிடித்த கதை அதற்கு அப்புறம் வருகிறது. டிஎஃப்டிஆரில் டிரிட்டியம் ஏற்றியபோது, ஆல்ஃபாக்கள் அலையைக் கிளப்புமா என்று எல்லோரும் முழு ஆற்றல் நேரத்தில் காத்துக்கொண்டு இருந்தார்கள். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கடைசியில் அலை எப்போது வந்தது தெரியுமா? கற்றைகளை அணைத்தபிறகு. ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கழித்து. கற்றையின் துகள்கள் இருந்தவரை அவையே அலையை அமுக்கிக்கொண்டு இருந்தன. அணைத்ததும் அவை சட்டென்று அடங்கிப்போக, மெதுவாக அடங்குகிற ஆல்ஃபாக்கள் தனித்து மிஞ்சின. கச்சேரி முடிந்து மைக்கை அணைக்கப் போனபோது பாட்டு தொடங்கியது. 1997இல் நசிகியனும் குழுவினரும் இதை வெளியிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்களில் அலையைக் கணக்கிடுகிற சிலரும் (இருக்கிறீர்கள், மறுக்கவில்லை) உலை முழு ஆற்றலில் நிதானமாக ஓடும் ஒரே ஒரு நிலையை எடுத்துத்தான் கணக்கிடுகிறீர்கள். அந்த நிலை நல்லபடியாகவே இருக்கலாம். அங்கே போய்ச் சேரும் வழி எப்படி? அடர்த்தி இன்னும் ஏறாமல் வெப்பம் மட்டும் ஏறிவிட்ட அந்த நடுவழிதான் எனக்குப் பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆல்ஃபா உற்பத்தி அடர்த்தியின் இருமடியோடும், உலைக்குரிய வெப்பநிலைகளில் ஏறத்தாழ வெப்பத்தின் இருமடியோடும் வளரும். ஆல்ஃபா அடங்க எடுக்கும் நேரம் வெப்பத்தோடு ஒன்றரை அடுக்கில் கூடும், அடர்த்தியோடு குறையும். இரண்டையும் பெருக்கி, மொத்த அழுத்தத்தால் வகுத்தால், ஆல்ஃபாக்களின் பங்கு வெப்பநிலையின் இரண்டரை அடுக்காக நிற்கும். அடர்த்தி கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். அதே அழுத்தத்தில் வெப்பத்தைப் பாதியாக்கி அடர்த்தியை இரட்டித்தால், அலையைக் கிளப்பும் பங்கு ஐந்தரை மடங்குக்கு மேல் குறையும். டோக்காமாக்கில் இதை இஷ்டத்துக்குச் செய்ய முடியாது, மின்னோட்டம் அடர்த்திக்கு ஓர் உச்சவரம்பு போட்டுவிடும். உங்களுக்கு அந்த வரம்பு இல்லை. எல்ஹெச்டியில் உறைந்த ஹைட்ரஜனின் சிறு உருண்டைகளை உள்ளே சுட்டு, நடுப்பகுதியில் கன மீட்டருக்குப் பத்தின் இருபத்தோராம் அடுக்கையே தாண்டிக் காட்டினார்கள். ஸ்டெல்லரேட்டரின் ஆகப் பெரிய மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. 9 டெஸ்லா வரை போகிற புதிய உயர்வெப்ப மீக்கடத்திச் சுருள்களும் கை கொடுக்கும், ஆல்வேன் வேகத்தை அவை தூக்கிவிடும். இதையெல்லாம் கட்டுரையில் ஒரு பத்தியில் பெருமையாகச் சொல்லக்கூடாதா? ஏன் மறைத்துவைத்த மாதிரி இருக்கிறீர்கள்?

"வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸில் பெரிய அலைத் தொந்தரவு எதுவும் இல்லையே" என்று ஒரு பதில் வரும். அது இருக்கும் கிரைஃப்ஸ்வால்டில் நடப்பது பிரமாதமான வேலை. 2015 டிசம்பர் 10 அன்று முதல் பிளாஸ்மா. 2025 மே மாதம் 43 நொடிக்கு நீடித்த மும்மடிப் பெருக்கச் சாதனை (அடர்த்தி, வெப்பநிலை, சூடு தங்கும் நேரம் மூன்றையும் பெருக்கிய அளவு அது). தனி ஓட்டம் ஒன்றில் 360 நொடியில் 1.8 கிகாஜூல். ஆனால் அங்கே பாய்ச்சும் ஹைட்ரஜன் கற்றை 55 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவு, நொடிக்கு 3,200 கிலோமீட்டர். 2.5 டெஸ்லாவில் அங்குள்ள ஆல்வேன் வேகம் அதைவிடக் கூடுதல். அதாவது அந்தத் துகள்கள் அலையின் முழு வேகத்தை எட்டிப் பிடிப்பதே இல்லை, குறைந்த வேகத்திலும் கிடைக்கிற பக்கவாட்டு ஒத்ததிர்வுகள் வழியாகத்தான் கைகோக்க முடியும். உலை ஆல்ஃபாவின் நிலைமை அதுவல்ல. மொபெட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு லாரிக்குப் பாலம் தாங்கும் என்று சான்றிதழ் கொடுக்க முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. வேகத் துகளே பாய்ச்சாத, மைக்ரோவேவால் மட்டும் சூடாக்கிய வெண்டல்ஸ்டைன் பிளாஸ்மாக்களிலும், நூறு இருநூறு கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆல்வேன் அதிர்வுகள் தென்பட்டன. தள்ள ஆளில்லாமலே ஊஞ்சல் ஆடுகிற மாதிரி. இந்த அலைகளை ஆட்டிவிட ஆல்ஃபாதான் வர வேண்டும் என்றில்லை என்பது தெரிகிறது.

புலத்தைக் குறைத்து, 180 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கற்றையால் ஆல்வேன் வேகத்தையே முந்திப் பார்த்தவர்கள் டோக்கி நகரத்து எல்ஹெச்டிக்காரர்கள். அங்கே அலைகள் தாராளமாகவே வந்தன. சாதாரண ஆல்வேன் அலை போதாதென்று, 2015இல் புது வகை வெடிப்பு ஒன்றையும் அறிவித்தார்கள். முறுக்குப் பள்ளத்தில் சிக்கிய வேக அயனிகள் ஓரப் பகுதியில் ஒரு நிலையின்மையைக் கிளப்பி, தாமும் கூட்டத்தோடு வெளியேறின. 2017இல் டியூட்டீரியம் ஏற்றியபிறகு நியூட்ரான் எண்ணியில் அது பச்சையாகத் தெரிந்தது: ஒவ்வொரு வெடிப்புக்கும் எண்ணிக்கை படி இறங்குவது போலச் சட்டென்று இறங்கும். அதை மைக்ரோவேவ் சூடாக்கத்தால் கட்டுப்படுத்த முடியும் என்றும் அவர்களே காட்டினார்கள். கியோட்டோவின் ஹெலியோட்ரான் ஜேயிலும் மாட்ரிட்டின் டிஜே-2விலும் இதே திசையில் வேலை நடந்தது. ஆக, நோயும் தெரியும், கைவைத்தியமும் கொஞ்சம் தெரியும். இதெல்லாம் உங்கள் வடிவமைப்பு மேசைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை.

நான் இந்த அலைகளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டேன். ஒரு சாதனத்தின் மிர்னோவ் சுருள் பதிவு எங்களுக்குக் கிடைத்திருந்தது. பிளாஸ்மாவுக்கு வெளியே சுவரை ஒட்டி வைக்கிற, நூல்கண்டு அளவுச் சுருள்தான் அது. புலம் அசைந்தால் அதில் மின்னழுத்தம் துடிக்கும். அந்தத் துடிப்பை நூறு மடங்கு மெதுவாக்கி ஹெட்ஃபோனில் போட்டோம். நூறு கிலோஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ் ஆனது. முதலில் வெறும் இரைச்சல், மழை பெய்கிற மாதிரி. அப்புறம் திடீரென்று ஒரு விசில், உச்சத்தில் தொடங்கி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கொஞ்ச இடைவெளி. மறுபடியும் அதே. குயில் கூவும்போது சுருதி மேலே ஏறும், இது தலைகீழ்க் குயில். ஒவ்வொரு கூவலுக்கும் எங்கோ ஒரு கை நிறைய அயனிகள் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த நண்பர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "நல்லாத்தான் பாடுது" என்றார்.

உலையில் அது அவ்வளவு நன்றாக இருக்காது. 3,000 மெகாவாட் இணைவு ஆற்றல் என்றால் ஆல்ஃபாக்களின் பங்கு 600 மெகாவாட். அதில் நூற்றில் ஒன்று தப்பினாலே 6 மெகாவாட். அது சுவர் முழுக்கப் பரவி விழுந்தால் பரவாயில்லை. ஸ்டெல்லரேட்டரில் தப்பிய துகள்கள் சுவரில் குறுகிய பட்டைகளாகத்தான் விழுகின்றன, உங்கள் படங்களே அதைக் காட்டுகின்றன. மேற்பரப்புக்குள் சில மைக்ரான் ஆழத்தில் ஹீலியம் புதைந்து, டங்ஸ்டன் கொப்புளம் கொப்புளமாக எழும். அலை வந்தால் இந்தப் பட்டைகள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடவும் கூடும். அமைதிக் கடலின் கணக்கை நம்பிக் கவசத்தை ஓரிடத்தில் போட்டிருப்போம், அடி வேறிடத்தில் விழும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிய வடிவம் வெளியிடும்போது அதன் ஆல்வேன் நிறமாலையையும், அதாவது எந்த அதிர்வெண்ணில் அலை, எங்கே இடைவெளி என்று காட்டும் படத்தையும், வெளியிடுங்கள், ஒரு குடும்பத்துக்கு மட்டுமில்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஸ்பாங் எழுதிய ஸ்டெல்கேப் போன்ற கணினி நிரலுக்கு இது ரொம்பப் பாரமான வேலையில்லை. தொடக்கத்திலிருந்து முழு ஆற்றல் வரைக்குமான பாதையில் நாலைந்து இடத்தில் நிறுத்தி, அங்கேயும் கணக்கிடுங்கள். அணைக்கும்போதும்தான், டிஎஃப்டிஆரை மறக்க வேண்டாம். பிறகு, அந்த ஆல்ஃபா ஓட்டத்தையே இன்னொரு முறை ஓட்டுங்கள், இம்முறை அளவாக ஓர் அலையைச் சேர்த்து. 2023இல் பிரின்ஸ்டன் வட்டத்தில் இதைச் சமச்சீர்ப் புலங்களில் செய்து பார்த்தார்கள், சமச்சீர் நன்றாக இருந்தாலும் அலை துகளைத் தள்ளிவிட முடியும் என்று தெரிந்தது. அலையின் வீச்சு எவ்வளவு என்று தெரியாதே என்பீர்கள். தெரியாதுதான். பத்தாயிரத்தில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று இரண்டு கோடு போடுங்கள், எந்த இடத்தில் கோடு எகிறுகிறது என்று பார்ப்போம்.

பிளாஸ்மாவின் வடிவத்தையும் புலத்தையும் விவரிக்கும் சமநிலைக் கோப்புகளையும் திறந்துவிடுங்கள். நிறுவன ரகசியம் என்று ஒன்று இருக்கும், புரிகிறது. சுருளின் உற்பத்தி முறையை ஒளித்துவைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மாவின் வடிவத்தை ஒளித்துவைத்தால், வெளியில் இருக்கும் மூன்று நான்கு நிரல் குழுக்களின் இலவசக் கண்களை இழப்பது நீங்கள்தான்.

கடைசியாக, துளை. வெண்டல்ஸ்டைனில் 254 துளைவாய்கள் இருக்கின்றன. அதனால்தான் அங்கே இத்தனை அளவிட முடிகிறது. உலையில் சுருளுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவில் நியூட்ரான் போர்வை வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொரு துளைக்கும் சண்டை போட வேண்டியிருக்கும். அந்தச் சண்டையில் வேகத் துகள் இழப்பை அளக்கும் கருவிக்காரர் கூட்டத்துக்கே அழைக்கப்படாமல் போய்விடுவார் என்பது என் அனுபவம். அவரையும் கூப்பிடுங்கள். நியூட்ரான் மழையில் பல வருடம் தாங்குகிற நாலைந்து மிர்னோவ் சுருளுக்காவது வடம் போக வழி இப்போதே வையுங்கள். பின்னால் துளைபோட இடம் இருக்காது.

அடுத்த கட்டுரையில் அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்தில், அலை சேர்த்த படம் ஒன்று இருந்தால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன். கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தாலும் பரவாயில்லை. என்றைக்காவது உங்கள் சாதனம் ஓடி, சுருள் பதிவு கையில் கிடைத்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். ஹெட்ஃபோன் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
வேகத் துகள்களின் பின்னால் சில வருடம் ஓடிய ஒருவன்